“துவைத்துப் பார்த்தீர்களா?”: பன்னிரண்டு துண்டுத்துணிப் போர்வைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

தைத்து மிஞ்சிய வெட்டுத் துண்டுகளைச் சதுரங்களாக இணைத்து, அந்தச் சதுரங்களைச் சேர்த்துப் போர்வையாக்கி, தேவைப்படும் குழந்தைகளுக்குக் கொடுப்பது என்று எங்கள் தையல் குழு முடிவு செய்தது. குவில்ட் என்று சொல்லப்படும் இந்தப் போர்வைகள் பன்னிரண்டை மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். எட்டு மாதம் ஆனது. இடையில் ஒரு போர்வை கொடுக்க முடியாமல் போனது. எங்கே தவறினோம், எதை எப்படி மாற்றினோம், ஓராண்டு கழித்து அந்தப் போர்வைகள் எப்படி இருந்தன என்பதை இதே வேலையில் இறங்குபவர்களுக்காக எழுதி வைக்கிறேன். யாருடைய பெயரும் இடமும் இதில் இல்லை.

பின்னணி

குழுவில் ஒன்பது பேர். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் கூடுவோம். எங்களில் மூத்தவர் முப்பது வருடம் தையல் கடை நடத்தியவர். எல்லோருக்கும் அவர் அக்காதான். கடையை மூடியபோது ஐந்து மூட்டை வெட்டுத் துண்டுகள் அவர் வீட்டில் தங்கிவிட்டன. தூக்கிப்போட மனம் வரவில்லை, வைத்துக்கொள்ள இடமும் இல்லை. அந்த மூட்டைகளிலிருந்துதான் இந்தத் திட்டமே பிறந்தது. அதாவது, எங்கள் வேலை “நம்மிடம் என்ன இருக்கிறது” என்பதிலிருந்து தொடங்கியது. “அவர்களுக்கு என்ன வேண்டும்” என்பதிலிருந்து அல்ல. பின்னால் வந்த பல சிக்கல்களுக்கு வேர் இதுதான் என்று இப்போது தெரிகிறது.

குழுவில் ஒருவருக்குத் தெரிந்த குழந்தைகள் காப்பகம் ஒன்று இருந்தது. தொலைபேசியில் பேசினோம். பன்னிரண்டு குழந்தைகள், நான்கு வயது முதல் பதின்மூன்று வரை. போர்வை தேவைதான் என்றார்கள். எத்தனை பேர், என்ன வயது. இந்த இரண்டைத் தவிர நாங்கள் வேறு எதுவும் கேட்கவில்லை.

கணக்கு எளிதாக இருந்தது. தைத்து முடித்த நிலையில் 12 அங்குலச் சதுரம் ஒன்றுக்குப் பெயர் பிளாக். அகலத்துக்கு நான்கு, நீளத்துக்கு ஐந்து என்று இருபது பிளாக் சேர்த்தால் 48 அங்குல அகலம், 60 அங்குல நீளம். பன்னிரண்டு போர்வைக்கு 240 பிளாக். ஒன்பது பேரும் உட்கார்ந்து 240 பிளாக் தைப்பதற்குப் பதில், தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான். ஒரு முழுப் போர்வை தைத்துத் தரச் சொன்னால் பலர் தயங்குவார்கள். ஒரு பிளாக் என்றால் ஒரு மணி நேர வேலை. முதல்முறை தைப்பவர்கூடத் தைத்துவிடலாம்.

நாங்கள் அனுப்பிய செய்தி மூன்றே வரி. “12 அங்குல பிளாக் தைத்து அனுப்புங்கள். நல்ல துணியாக இருக்கட்டும். எந்த நிறமும் சரி.”

வந்து சேர்ந்தவை

ஏழு வாரத்தில் 41 பேரிடமிருந்து 263 பிளாக்குகள் வந்தன. பொதியைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்தது. பார்வை மங்கிய ஒரு பெண்மணி, பேத்தியை ஊசியில் நூல் கோக்கச் சொல்லி, கையாலேயே ஆறு பிளாக் தைத்திருந்தார். இறந்துபோன கணவரின் சட்டைகளை வெட்டி நான்கு பிளாக் அனுப்பியிருந்தார் இன்னொருவர். இவற்றைச் சும்மா துணித் துண்டுகளாகப் பார்க்க எங்களால் முடியவில்லை. முடியாததால்தான் அடுத்து வந்த முடிவுகள் கடினமாக இருந்தன.

எட்டாவது வாரம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி அளந்தோம். ஓரத் தையலுக்கான துணியையும் சேர்த்துப் பிளாக் பன்னிரண்டரை அங்குலம் இருக்க வேண்டும். 118 பிளாக்குகள் சரியாகவோ அரைக்கால் அங்குல வித்தியாசத்துக்குள்ளோ இருந்தன. 81 பிளாக்குகள் சிறியவை. சில பதினொன்றேகால் அங்குலம்தான். 34 பெரியவை. மீதி 30 அளவால் அல்ல, துணியால் உதவாதவை.

சிறிய பிளாக்குகள் ஏன் இவ்வளவு? முதலில் எங்கள் செய்திதான். 12 அங்குலம் என்றால் தைக்கும் முன்பா, பின்பா என்று அதில் இல்லை. படித்தவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் நுட்பமானது. துண்டுத்துணி வேலையில் தையலுக்கு விடுவது கால் அங்குலம் மட்டும். உடை தைத்துப் பழகிய கை அதைவிடக் கூடுதலாகத்தான் விடும். பிரித்துப் பெரிதாக்க வேண்டி வரலாம் என்பதற்காக. அரைக்கால் அங்குலம்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் அது ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் சேர்ந்து கால் அங்குலத்தை விழுங்குகிறது. நாலரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதைக் கொண்ட பிளாக்கில் ஒரு திசையில் இரண்டு தையல்தான். அரை அங்குலம் குறைந்து 12 ஆகிறது. மூன்றரை அங்குலச் சதுரங்கள் பதினாறு என்றால் மூன்று தையல், பதினொன்றேமுக்கால். இரண்டரை அங்குலப் பட்டிகள் ஆறு என்றால் ஐந்து தையல், பதினொன்றேகால். ஒரே ஆள், ஒரே கை, ஒரே எந்திரம். துண்டு கூடக் கூடப் பிளாக் சுருங்குகிறது. அக்கா ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. அவர் தைத்த பிளாக்குகளும் சிறியவற்றின் அடுக்கில்தான் இருந்தன.

மூன்றாவது, கிராஸாக வெட்டிய துண்டுகள். பாவு நூலுக்கோ ஊடை நூலுக்கோ நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினால் துணி ரப்பர் மாதிரி இழுபடும். குச்சி குச்சியான வெட்டுத் துண்டுகளை அடியில் ஒரு துணி கொடுக்காமல் இணைத்தவர்களின் பிளாக்குகள், இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுத்த திசையில் நீண்டு, சாய்சதுரமாகி வந்திருந்தன.

எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் தொடங்கி, 1987இல் வாஷிங்டனில் முதன்முதலாக விரிக்கப்பட்ட நினைவுப் போர்வையைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் தைத்த துண்டுகள் அதில் சேர்ந்தது எப்படி? ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி என்ற ஒரே விதி. எட்டுத் துண்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம். துணி, நிறம், எழுத்து எல்லாம் அவரவர் விருப்பம். அளவு மட்டும் விருப்பம் அல்ல. நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். எல்லாவற்றையும் திறந்து விட்டோம், அளவையும் சேர்த்து.

முதல் முடிவுகள்

81 சிறிய பிளாக்குகளை என்ன செய்வது என்று ஒரு முழு மாலை பேசினோம். திருப்பி அனுப்பலாம் என்றார் ஒருவர். கண் மங்கிய அந்தப் பெண்மணியின் ஆறும் இதில்தான் இருந்தன. யாருக்கும் மனம் வரவில்லை. எல்லாப் பிளாக்குகளையும் மிகச் சிறியதன் அளவுக்கு வெட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். ஒழுங்கற்ற துண்டுகளால் ஆன பிளாக்குக்கு அது சரி, எங்கே வெட்டினாலும் தெரியாது. நட்சத்திர வடிவங்களை அப்படி வெட்டினால் முனைகள் போய்விடும். அதோடு, சரியான அளவில் வந்த 118 பிளாக்குகளின் உழைப்பையும் கெடுப்பதாகிவிடும்.

கடைசியில், சிறியவற்றின் நாலு பக்கமும் ஒரே நிறத்தில் பட்டி வைத்துத் தைத்து, பெரிதாக்கி, பிறகு பன்னிரண்டரைக்கு வெட்டுவது என்று முடிவெடுத்தோம். படத்துக்குச் சட்டம் போட்டது போல இருக்கும். எல்லாச் சட்டத்துக்கும் ஒரே சாம்பல் நிறத் துணி. வெவ்வேறு கைகளிலிருந்து வந்த பிளாக்குகளை அந்தச் சாம்பல் நிறம்தான் ஒரு குடும்பமாக்கியது. எதிர்பாராத நன்மை அது. ஆனால் ஒரு பிளாக்குக்குக் கால் மணி நேரம், மொத்தம் இருபது மணி நேரம் இதற்கே போனது. பெரிய 34 பிளாக்குகளில் வெட்டக்கூடியவற்றை வெட்டினோம். வெட்டினால் வடிவம் கெடும் என்றிருந்த சிலவற்றின் தையலைப் பிரித்து மறுபடி தைத்தோம்.

துணிதான் பெரிய தலைவலி. ஒதுக்கிய 30 பிளாக்குகளில் பனியன் துணி, வழுக்கும் செயற்கைத் துணி, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் துணி எல்லாம் இருந்தன. பருத்தியா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி எரித்துப் பார்த்தோம். பருத்தி காகிதம் போல எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். கலப்புத் துணி எல்லாமே கெட்டது என்று சொல்ல வரவில்லை. பருத்தியோடு கிட்டத்தட்ட ஒரே கனமாக இருந்தால் தாங்கும். இழுபடும் துணியும் இழுபடாத துணியும் ஒரே தையலில் சேர்ந்தால்தான் ஆபத்து. ஒன்று இழுக்க, மற்றது கிழியும். அந்த முப்பதையும் போர்வையில் சேர்ப்பதில்லை, வீணாக்குவதும் இல்லை என்று தனியே எடுத்து வைத்தோம்.

வாசனை பற்றியும் ஒன்று. பதினைந்து பிளாக்குகள்போல அந்துருண்டை மணத்தோடு வந்தன. நாப்தலின் கலந்த அந்துருண்டை, G6PD என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. மணம்தானே என்று விட முடியாது. நிழலில் ஒரு வாரம் காற்றாட விரித்து, மணம் முற்றிலும் போன பிறகே உள்ளே எடுத்தோம். குழந்தைகளுக்குப் போர்வை சேகரித்துக் கொடுக்கும் ப்ராஜெக்ட் லைனஸ் என்ற அமைப்பு 1995 முதல் இயங்குகிறது. துவைக்கத்தக்கதாக, குண்டூசி இல்லாததாக, புகைப்பவர் இல்லாத வீட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்டுக்கொள்ளும் விஷயங்கள். இந்த மூன்று வரியை நாங்களும் முதல் நாளே அனுப்பியிருக்கலாம்.

முதல் போர்வையும் ஒரு கேள்வியும்

பதினோராவது வாரம் முதல் போர்வை முடிந்தது. மேலே இருபது பிளாக், நடுவில் பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துண்டான பருத்தித் துணி. மூன்று அடுக்கையும் ஆறு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு என்று கட்டியிருந்தோம். மூலையில் ஒரு சிறு சீட்டு. அதில் எங்கள் குழுவின் பெயரும் “அன்புடன் வழங்கியது” என்ற வரியும். அழகாகத்தான் இருந்தது. மாதிரி காட்டிவிட்டு வரலாம் என்று இரண்டு பேர் காப்பகத்துக்கு எடுத்துப் போனோம்.

பொறுப்பாளர் போர்வையை விரித்து, கையால் தடவி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “துவைச்சுப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. தைத்தவுடன் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தோம்.

அவர் சொன்னது இவ்வளவு: “சின்னப் பிள்ளைங்க ராத்திரி படுக்கையை நனைச்சிடும். எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு மெஷின். காலைல போட்டா சாயங்காலம் காய்ஞ்சிருக்கணும். கைல துவைக்க ஆள் இல்லைங்க. தனியாத் துவைக்கணும், நிழல்ல காயப்போடணும்னு சொன்னீங்கன்னா, அது அலமாரியிலதான் இருக்கும்.”

அடுத்து சீட்டைக் காட்டினார். குரலில் கோபம் இல்லை. “பெரிய பிள்ளைங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரும். போர்வையில இன்னார் கொடுத்ததுன்னு எழுதியிருந்தா, அது அவங்க போர்வையா இருக்காது.”

இரண்டாவதாகச் சொன்னதுதான் எங்களை அதிகம் உலுக்கியது. சாயம் போவதையும் தையல் விடுவதையும் தையல்காரர்கள் என்றைக்காவது ஒரு நாள் கண்டுபிடித்திருப்போம். அந்தச் சீட்டை நாங்களாக ஒருபோதும் பிரித்திருக்க மாட்டோம்.

கிளம்பும்போது, புதிதாக வந்திருக்கும் ஏழு மாதக் குழந்தைக்கும் சின்னதாக ஒன்று தைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

துவைத்தபோது நடந்தது

அன்று மாலையே அந்தப் போர்வையை மெஷினில் போட்டோம். வெளியே எடுத்தபோது ஒரு சிவப்புத் துணியின் சாயம் இறங்கி, பக்கத்து வெள்ளைச் சதுரங்கள் ரோஜா நிறமாகியிருந்தன. உலரவிடாமல், சோப்புக் கலந்த நிறைய வெந்நீரில் இரவு முழுக்க ஊறப்போட்டோம். கறை ஈரமாக இருக்கும்வரை வெளியேற வழி உண்டு. சூடுபட்டுக் காய்ந்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை ஊறவைத்ததில் பெரும்பகுதி போனது. முழுதாகப் போகவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. ஆறு அங்குல இடைவெளியில் முடிச்சுப் போட்டிருந்ததால், நடுவில் பஞ்சு விரிப்பு இழுபட்டு இரண்டு இடத்தில் மெலிந்து, ஓர் இடத்தில் உருண்டையாகச் சேர்ந்திருந்தது. பஞ்சு விரிப்பு வந்த உறையை எடுத்துப் படித்தோம். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது: நான்கு. படிக்காமல் உறையை மடித்து வைத்திருக்கிறோம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு விவாதம் நடந்தது. கறை லேசாகத்தான் இருக்கிறது, இலவசமாகக் கொடுப்பதுதானே, இதையும் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். உழைப்பு வீணாகிறதே என்ற ஆதங்கத்தில் சொன்னதுதான். அக்கா போர்வையை அவர் மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: “காசு கொடுத்த கஸ்டமர்கிட்ட இதைக் கொடுப்பியா? மாட்டேல்ல? காசு கொடுக்காத பிள்ளைக்கு மட்டும் ஏன் கொடுக்கணும்?” அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அந்தப் போர்வையைக் கொடுப்பதில்லை, சோதனைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவானது. பன்னிரண்டையும் முதலிலிருந்து தைப்பதென்று ஆகிவிட்டது.

மாற்றிய முறை

இங்கிருந்து எல்லாவற்றையும் காப்பகத்து மெஷினை மனதில் வைத்தே முடிவு செய்தோம்.

அடர் நிறத் துணி உள்ள ஒவ்வொரு பிளாக்கையும் சாயத்துக்குச் சோதித்தோம். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், சாயம் விடும் துணி உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதே சிவப்பு இன்னும் 14 பிளாக்குகளில் இருந்தது. எல்லாம் ஒருவர் அனுப்பியவை. பிளாக்கைத் தனியாகத் துவைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். கால் அங்குல ஓரம் மெஷினில் பிசிர் பிசிராகப் பிரிந்துவிடும் என்பதால் அதைச் செய்யவில்லை. பதினான்கையும் எடுத்துவிட்டோம்.

இப்போது கணக்கு இப்படி ஆனது. 263இல் உதவாதவை 30 போக 233. முதல் போர்வையில் போனவை 20, மீதி 213. சிவப்பு 14 போக 199. வேண்டியது 240. நாற்பத்தொன்று குறைந்தது. இன்னொரு முறை எல்லோரிடமும் கேட்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டோம். அக்காவின் மூட்டைகளிலிருந்து நாங்களே தைத்தோம். பழைய மெல்லிய பருத்தித் துணியில் 13 அங்குலச் சதுரம் வெட்டி, அதன்மேல் மூலையிலிருந்து மூலைக்குக் குச்சித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்து, கடைசியில் பன்னிரண்டரைக்கு வெட்டுவது. அடித்துணி பிடித்துக்கொள்வதால் கிராஸ் துண்டும் இழுபடாது. தையல் ஓரம் கூடினாலும் குறைந்தாலும் அளவு மாறாது. இந்த முறையின் பெருமை அப்போது எங்களுக்கு முழுதாகப் புரியவில்லை.

மூன்றடுக்கையும் பிணைக்க, ஏழு போர்வைகளுக்கு மெஷினிலேயே நாலு அங்குலத்துக்கு ஒரு நேர்கோட்டுத் தையல் போட்டோம். மேல்துணி, அடித்துணி இரண்டையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற மெஷின் பாதம் இரண்டு பேரிடம் இருந்தது. அது இல்லாமல் மூன்றடுக்கு சுருக்கம் விழாமல் போகாது. மற்ற ஐந்துக்கும் முடிச்சுதான், ஆனால் நாலு அங்குலத்துக்கு ஒன்று. 48க்கு 60 அளவில் ஆறு அங்குல இடைவெளி என்றால் 63 முடிச்சு; நாலு அங்குலம் என்றால் 154. இரண்டரை மடங்கு வேலை. முனகிக்கொண்டேதான் செய்தோம், ஆனாலும் செய்து முடித்தோம்.

பஞ்சு விரிப்பு பாலியெஸ்டராகவே இருக்கட்டும் என்று விட்டோம். பருத்திப் பஞ்சு உடம்புக்கு இதமானது, போர்வையும் நன்றாக விழும். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு காய நேரமெடுக்கும், துவைத்தால் கொஞ்சம் சுருங்கும். காலையில் போட்டது மாலையில் காய வேண்டும் என்பதே அங்கே விதி.

ஓரப்பட்டியைக் கையால் தைப்பதை நிறுத்தினோம். சுற்றளவு 216 அங்குலம். மடிப்புக்கும் இணைப்புக்கும் சேர்த்து 230 அங்குலப் பட்டி வேண்டும். இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்து, இரண்டு பக்கமும் மெஷின் தையல். கைத்தையல் பார்க்க அழகு. மெஷினில் முதலில் விடுவதும் ஓரம்தான்.

சீட்டை எல்லாவற்றிலிருந்தும் எடுத்தோம். அதே மூலையில் வெறும் வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தோம். துவைத்தால் போகாத பேனா ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது, குழந்தை தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வது என்று திட்டம்.

ஏழு மாதக் குழந்தையின் போர்வை பற்றிய முடிவை இங்கே சொல்ல வேண்டும். பேசிவிட்டு வந்த பிறகுதான் படித்தோம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, மெத்தென்ற பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் பரிந்துரை. மூச்சுத் திணறும் ஆபத்துக்காக. பொறுப்பாளரைக் கூப்பிட்டு, தூங்கும்போது போர்த்த நாங்கள் தைத்துத் தர மாட்டோம், பகலில் தரையில் விரித்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது குழந்தையைக் கிடத்தத் தைத்துத் தருகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னோம். அவர் ஏற்றுக்கொண்டார். 36 அங்குலச் சதுர விரிப்பு ஒன்று தைத்தோம். முடிச்சோ பொத்தானோ இல்லாமல், தையல் மட்டும்.

ஒதுக்கி வைத்திருந்த முப்பது பிளாக்குகளுக்கு அடியில் கெட்டித் துணி கொடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பை தைத்தோம். போர்வையை மடித்து வைத்து எடுத்துப் போகும் பை. இடம் மாறும் குழந்தைகள் தங்கள் பொருளை எதிலாவது எடுத்துப் போக வேண்டியிருக்கிறது என்று பொறுப்பாளர் பேச்சுவாக்கில் சொன்னது காதில் விழுந்திருந்தது. பன்னிரண்டு போர்வைக்கும் பை, மூன்று கூடுதல்.

நேரக் கணக்கு

குழுவில் ஒருவர் எல்லா மணி நேரத்தையும் நோட்டில் எழுதி வந்தார். இருபது பிளாக்கை இணைக்க இரண்டு மணி நேரம், மூன்றடுக்கை விரித்து நேராக்கிப் பிடித்துவைக்க இரண்டு, தையலுக்கோ முடிச்சுக்கோ நான்கு, ஓரப்பட்டிக்கு நான்கு. ஒரு போர்வைக்குப் பன்னிரண்டு மணி நேரம். பன்னிரண்டு போர்வைக்கு 144. இதில் அளப்பது, சட்டம் போடுவது, சாயம் பார்ப்பது எதுவும் சேரவில்லை. ஒன்பது பேரும் எல்லா வாரமும் வந்தாலே எட்டு வாரம். எல்லோரும் வந்த வாரம் குறைவு.

பிளாக் தைப்பதை நாங்கள் வேலையின் முக்கால் பங்காக நினைத்திருந்தோம். உண்மையில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பிளாக் கேட்டால் நிறைய வரும். கொடுப்பவருக்கு அதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் வந்து விழும் ஒவ்வொரு இருபது பிளாக்கும் வேறொருவருடைய பன்னிரண்டு மணி நேரத்தைக் கேட்கிறது. அந்த வேறொருவர் யார் என்று தெரியாமல் பிளாக் கேட்கக்கூடாது. தைத்த பிளாக்குகள் போர்வையாகாமல் பெட்டியில் கிடப்பதைப் பிற குழுக்களிலும் பார்த்திருக்கிறேன். காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கொடுத்த நாள்

முப்பத்து நான்காவது வாரம், பன்னிரண்டையும் இரண்டு முறை துவைத்து உலர்த்திய பிறகு எடுத்துப் போனோம். எந்தக் குழந்தைக்கு எது என்று நாங்கள் பிரிக்கவில்லை. பொறுப்பாளர் கேட்டுக்கொண்டபடி எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடித்து வரிசையாக வைத்தோம், குழந்தைகளே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு ஒன்றே பிடித்தது. அவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். சட்டைத் துணிப் பிளாக்குகள் இருந்த போர்வையை எடுத்த பையன், அதில் ஒரு சட்டைப் பையை அப்படியே தைத்திருப்பதைக் கண்டுபிடித்து, அதற்குள் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டான். இதை அந்தச் சட்டைகளை வெட்டி அனுப்பிய பெண்மணியிடம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, அந்தப் பையில் தன் கணவரும் பேனாதான் வைத்திருப்பார் என்றார்.

ஓராண்டுக்குப் பின்

பொறுப்பாளரின் அனுமதியோடு மறுபடி போய்ப் பார்த்தோம். ஒன்பது போர்வைகள் அங்கே இருந்தன. மூன்று, காப்பகத்தை விட்டுப் போன குழந்தைகளோடு, பைகளில் போயிருந்தன.

ஒன்பதில் இரண்டின் ஓரப்பட்டி மூலையில் தேய்ந்திருந்தது. ஒன்றில் ஒரு தையல் விட்டிருந்தது. அது அளவுக்குக் கொண்டுவர நாங்கள் அதிகமாக வெட்டிய பெரிய பிளாக். வெட்டியதில் ஓரம் கால் அங்குலத்துக்கும் குறைந்து போயிருக்கிறது. முடிச்சுப் போட்டவற்றில் ஒரு போர்வையில் நாலு முடிச்சு அவிழ்ந்திருந்தது. ஒருவர் முடிச்சை ஒரு சுற்று குறைவாகப் போட்டிருந்தார். சாம்பல் சட்டம் போட்ட பிளாக் ஒன்றுகூட விடவில்லை. சாயமும் எங்கும் இறங்கவில்லை. விட்டவற்றை அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தோம்.

வெள்ளைத் துண்டுகளில் பெயர்கள் இருந்தன. ஒன்றில் பெயருக்குப் பதில் ஒரு நாயின் படம்.

மாற்றப்போவது

போய்ப் பார்க்காமல் எதையும் தொடங்கப்போவதில்லை. எங்கே துவைக்கிறார்கள், எங்கே காயப்போடுகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் துணியையும் பஞ்சையும் முடிவு செய்வோம். முதல் போர்வை முடிந்ததும் குறைந்தது ஐந்து முறை துவைத்துப் பார்த்துவிட்டே இரண்டாவதைத் தொடங்குவது.

செய்தியில் அளவை இரண்டு விதமாகவும் எழுதுவோம்: தைத்து அனுப்பும்போது பன்னிரண்டரை, போர்வையில் சேர்ந்தபின் 12. கால் அங்குல ஓரத்தைச் சரிபார்க்க, இரண்டரை அங்குலப் பட்டி மூன்றைச் சேர்த்துத் தைத்து, நடுப்பட்டி சரியாக இரண்டு அங்குலம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வோம். வேறு எந்த விளக்கமும் தேவையில்லை, அந்த ஒரு சோதனை போதும்.

எத்தனை போர்வையை முடிக்க முடியுமோ அத்தனைக்கு மட்டும் பிளாக் கேட்பது. இந்த முறை மூன்று போர்வை, 60 பிளாக். அறுபது வந்ததும் நிறுத்திவிடுவோம்.

ஒரு விஷயத்தில் குழுவில் நெடுநாள் ஒத்த கருத்து வரவில்லை. அளவு பிசகும் புதியவர்களிடமிருந்து பிளாக் வாங்குவதா வேண்டாமா என்பது. வாங்கினால் இருபது மணி நேர வேலை மறுபடி வரும். வேண்டாம் என்றால் கண் மங்கிய அந்தப் பெண்மணிக்கும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நாற்பத்தொரு பிளாக்குக்காக நாங்கள் கையாண்ட அடித்துணி முறைதான் வழி காட்டியது. இனி பிளாக் கேட்கும்போது, 13 அங்குலத்துக்கு வெட்டிய அடித்துணிச் சதுரத்தையும் சாயம் பார்த்த துண்டுகளையும் நாங்களே அனுப்புகிறோம். அவர்கள் மேலே தைத்து அனுப்பினால் போதும், அளவுக்கு வெட்டுவது எங்கள் பொறுப்பு. ஓரம் கூடினாலும் குறைந்தாலும் கவலை இல்லை.

அடுத்த சுற்றுக்கு அறுபது சதுரம் வெட்டி அனுப்பியாயிற்று. இதுவரை 22 திரும்பி வந்திருக்கின்றன. அதில் எட்டு, அந்தப் பெண்மணியும் பேத்தியும் தைத்தவை.